கேக் அக்கா செய்த கருமாதிகள்

உயிரோடு, நல்ல திடகாத்திரமாக இருக்கும் ஓர் இசைக்குழுவுக்கு மூன்று முறை கருமாதி செய்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மலாக்காவில், பாச்சாங் என்ற ஊரில் பிறந்தநாள் கேக் செய்து விற்பவர். பேச்சுக்குச் சொல்லவில்லை. வாழையிலை, வடை, பாயசம் என்று முறையாகச் செய்தார். மூன்றிலும் நான் வயிறார உண்டிருக்கிறேன். சாட்சி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த எல்லாருக்கும் அவர் கேக் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் மணியம் அண்ணன்கூட, "கேக் அக்கா இருக்காங்களா?" என்று யாராவது வாசலில் கேட்டால், உள்ளே திரும்பி, "கேக் அக்கா, ஆள் வந்திருக்கு" என்றுதான் கூப்பிடுவார்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதி வருஷம் வெயிலே எட்டிப் பார்க்காத வடதுருவப் பக்கத்து ஆட்கள். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் அப்பிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தி, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற வேகத்தில் டிரம் அடிப்பவர்கள். அந்த வகைக்கு பிளாக் மெட்டல் என்று பெயர். சட்டையில் தங்கள் குழுவின் பெயரை அச்சடித்திருப்பார்கள், ஆனால் யாராலும் படிக்க முடியாது. பிடுங்கிப் போட்ட செம்பனையின் வேர்போல எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

நான் அப்போது பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். பாச்சாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஜாசினில் இருக்கும் என் சொந்த அக்கா மகளின் பிறந்தநாளுக்கு, வண்ணத்துப்பூச்சி போட்ட கேக் வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வரும்போதே உள்ளிருந்து பயங்கரமான சத்தம். பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, வேலிக்கு மேலாக எட்டி, மாவு கலக்கும் மெஷின் கெட்டுப்போய்விட்டது, பல மாதமாக இப்படித்தான் அலறுகிறது, பாவம், புதிது வாங்க வசதி இல்லை போலிருக்கிறது என்று மலாயில் வருத்தப்பட்டார்.

எனக்கோ அந்த மெஷினை அடையாளம் தெரிந்தது. பாலிடெக்னிக் காலத்திலிருந்து நான் ஒளித்து ஒளித்துக் கேட்ட குழுவின் முதல் ஆல்பம் அது. மலாக்கா முழுக்க இதைக் கேட்கிற ஒரே தமிழன் நான்தான் என்று நினைத்திருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையறியாமல் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். கதவு திறந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஏப்ரன், கையில் சாக்லேட் வழியும் கரண்டி.

"கேக்குக்கு வந்தியா தம்பி, பாட்டுக்கு வந்தியா?"

"கேக்குக்குத்தான் அக்கா. ஆனா இந்தப் பாட்டு..." என்று குழுவின் பெயரைச் சொன்னேன்.

"அப்படிச் சொல்லக் கூடாது லா" என்று அவர் அதே பெயரை வேறு மாதிரி சொன்னார். இருவர் சொன்னதும் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தகராறைத் தீர்க்க, சட்டையில் இருக்கிற படத்தை வைத்து 'வேர்' என்று பெயர் சூட்டினோம். வண்ணத்துப்பூச்சி கேக்கைப் பற்றிப் பேச அடுத்த நாள் மறுபடி வரவேண்டியதாயிற்று.

அக்காவிடம் இருந்த பெரிய வசதி, அவருக்குக் கூச்சம் என்பதே கிடையாது. காலையில் சாமி விளக்கை ஏற்றுவார், பக்திப் பாட்டு ஒன்று ஓடும், கற்பூரம் அணைந்ததும் வேர் ஆரம்பமாகும். "அக்கா, இவனுங்க சாமியத் திட்டிப் பாடுறானுங்கன்னு சொல்றாங்களே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவன் என்னா பாடுறான்னு உனக்குப் புரியுதா?"

"இல்ல."

"எனக்கும் புரியல. புரியாத வரைக்கும் சாமி குத்தம் இல்ல."

போனில் ஆர்டர் எடுக்கும்போதும் பாட்டை நிறுத்தமாட்டார். ஒரு வயதுப் பிள்ளைக்கு முயல் கேக் கேட்கும் தாய், பின்னால் ஒருவன் குடலே வெளியே வருவதுபோல் கத்துவதைக் கேட்டுப் பதறி, யார் அது என்று விசாரித்தால், "வீட்டுக்காரர்தாங்க. நீங்க சொல்லுங்க, முயலுக்குக் காது ரோஸ் கலரா, வெள்ளையா?" என்பார். இதனால் பாச்சாங் வட்டாரத்தில் மணியம் அண்ணனுக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமில்லை. கோயிலில் முன்பின் தெரியாதவர்கள் அவர் தோளில் கைவைத்து, "கோவத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க அண்ணே, ஒடம்புக்கு ஆகாது" என்று புத்தி சொல்வார்கள். மணியம் அண்ணனோ, காரில் ஹார்ன் அடிக்கவே யோசிக்கிற மனுஷர். சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தொழிற்சாலையில் காதுக்குப் போடக் கொடுக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சை வீட்டுக்கும் கொண்டுவந்து, அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்றால் கையால் காட்டுவார்.

அக்கா எப்படி இந்தப் பாட்டில் விழுந்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கேக் வியாபாரத்துக்கு முன்னால் அவரும் தொழிற்சாலையில் லைனில் நின்றவர். ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டிவிட்டார். திரும்பி வரும்போது தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் காதில் என்னவோ மாட்டியிருந்தாளாம். அந்தப் பாட்டு ஒயரில் ஒரு பக்கத்தை வாங்கி இவர் மாட்டிக்கொண்டார்.

"எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு தம்பி. பஸ்ஸுல எப்படிக் கத்துறது? எனக்காக ஒருத்தன் கத்துனான்."

அதன் பிறகு முதல் இரண்டு ஆல்பங்களும் அவருக்கு வேதம். தகர டின்னுக்குள் உட்கார்ந்து பதிவு செய்ததுபோல இரைச்சலாக இருக்கும் அவை. "சுத்தமா இருக்கக் கூடாது. கேக்குதான் சுத்தமா இருக்கணும், பாட்டு அழுக்காதான் இருக்கணும்" என்பார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் மூன்றாவது ஆல்பம் வந்து விழுந்தது. அதில் வயலின் இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக வந்தது. கத்தலுக்குப் பின்னால் கடல் பொங்குவதுபோல் இழைத்திருந்தார்கள். சிம்போனிக் என்று பெயர் வைத்து உலகமெங்கும் கொண்டாடினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடினேன் அக்காவிடம். அவர் சமையலறையில் முட்டையை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் கத்தலுக்குப் பட்டுச்சேலை கட்டி விட்டுட்டானுங்க தம்பி" என்றார்.

அந்த வாரக் கடைசியில் முதல் கருமாதி. மலாக்கா மாநிலத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் வேர் ரசிகர்கள் ஒரு வேனை நிரப்பத் தேறமாட்டோம். அத்தனை பேரும் கறுப்புச் சட்டையில் வந்து பாய் விரித்து உட்கார்ந்தோம். நடுவில் அக்கா செய்த கறுப்பு நிறக் கேக். அதன்மேல் வெள்ளை ஐசிங்கில் வேர்போல எழுத்து. பழைய ஆல்பம் ஒரு முறை முழுக்க ஓடியது. அக்கா நிஜமாகவே அழுதார். நானும் அழுதேன், ஆனால் பாயசம் அருமையாக இருந்ததால் அழுகை நீடிக்கவில்லை.

அன்று தவறுதலாக வந்து சேர்ந்தவர்தான் கொயர் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பள்ளியில் இசை ஆசிரியர், தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். திருமண நாளுக்குக் கேக் சொல்ல வந்தவர், துக்க வீடு என்று நினைத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆதாரம் காட்டுவதற்காக அக்கா புதிய ஆல்பத்தில் கொஞ்சம் போட்டுக் காட்ட, சார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"இந்த வயலின் பகுதியை எழுதினவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. நடுவில நிண்டு கத்துற தம்பியை மட்டும் ஒருக்கா வெளியில அனுப்பிவிட்டா, நான் இதைக் கோயில்லயே பாடுவிப்பன்."

"சார், அந்தத் தம்பிதான் எங்களுக்கு வேணும். மத்தவங்கள வெளிய அனுப்புங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்களில் இரண்டு கட்சிகள். பழைய சத்தம் அக்கா கட்சி, புதிய சத்தம் சார் கட்சி. வாட்ஸ்அப்பில் காலையில் பசியாறும் நேரத்தில் தொடங்கும் சண்டை, இரவுச் சாப்பாடு வரை ஓடும். சார் நீளநீளமாக இசை இலக்கணம் எழுதுவார். அக்கா பதிலுக்கு ஒரு கெட்டுப்போன கேக்கின் படத்தைப் போடுவார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டி இரண்டு பக்கமும் சாப்பிட்டேன்.

இரண்டாவது கருமாதி கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. வேரின் அடுத்த ஆல்பத்தில் பெரிய அநியாயம் ஒன்று நடந்திருந்தது. காலையிலேயே அக்கா எனக்கு போன் செய்தார்.

"பாடிட்டான் தம்பி."

"யாரு அக்கா?"

"நம்மாளுதான். கத்தாம, வாயத் தொறந்து, ராகத்தோட பாடிட்டான். நல்லா வேற பாடுறான். இத்தனை வருசமா பாடத் தெரிஞ்சுகிட்டேதான் கத்தியிருக்கான்."

அவரவர் வீட்டில் வடை சுட்டுக்கொண்டு கைத்தொலைபேசியின் திரை வழியாகக் கூடினோம். அக்கா ஆளுக்கொரு சின்னக் கறுப்புக் கேக் செய்து, உணவு கொண்டுபோகும் மோட்டார்காரர்கள் மூலம் அனுப்பியிருந்தார். என் அறைக்கு வந்த பையில் தவறுதலாக ரோஸ் கலர் யூனிகார்ன் இருந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை அன்று 'அமைதியில் உறங்குக' என்று எழுதிய கேக்கை வெட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உச்சம். இந்த முறை வேர் பக்கவாத்தியம் என்ற நிலையைத் தாண்டி, முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் ஒரு பெரிய பாடகர் குழுவையும் கொண்டுவந்து இறக்கிவிட்டது. கொயர் சார் ஆல்பம் வந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். அக்கா பெரிய வாழையிலையாக வாங்கினார். பழைய ஆல்பம் ஓடி முடிந்தது. குற்றத்தை நிரூபிக்கப் புதியதில் ஒரு பாட்டைப் போட்டார்கள். வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து, பாடகர் குழு கூரையைத் தூக்கியது.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த மணியம் அண்ணன், காதிலிருந்து ஆரஞ்சுப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு, "இது நல்லா இருக்கே" என்றார்.

வடையைக் கடித்தவர்கள்கூட மெல்லாமல் இருந்தார்கள். அக்கா இலையை மடக்கிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அந்த வீடு இரண்டாகப் பிரிந்தது. சமையலறையில் பழைய வேர். மணியம் அண்ணனின் காடியில், அதாவது காரில், புதிய வேர். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போதும், கேக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதும் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார். "கேக்கு குலுங்குது" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மாதக்கணக்கில் இப்படியே போயிற்று.

இந்த நிலைமையில்தான் வேர் சிங்கப்பூருக்கு வருகிறது என்ற செய்தி வந்தது. எந்தக் காலத்திலும் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையை விடாத மணியம் அண்ணன் லீவு போட்டார். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாராம்: "நான் வேரைப் பாக்கப் போறேன்."

அக்கா அன்று மாலை என்னைக் கூப்பிட்டுவிட்டார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதுவரை நான் பார்த்ததில்லை. "பஸ்ஸுல மொதமொதல்ல கேட்டவ நானு. காதுல பஞ்சு வெச்சிருந்தவரு போயி பாப்பாரு, நான் வீட்டுல முயலுக்குக் காது வெச்சிக்கிட்டு இருக்கணுமா?"

"அப்போ வாங்க அக்கா."

"வரேன். பாட்டுக்கு இல்ல. மூஞ்சியப் பாத்து நேருக்கு நேரா கருமாதி பண்ணிட்டு வந்துர்றேன்."

மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினோம். அக்கா, அண்ணன், நான், முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட கொயர் சார். அக்காவின் மடியில் ஒரு பெட்டி, அதற்குள் கறுப்புக் கேக். சிங்கப்பூர் எல்லையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கறுப்பு ஐசிங், வெள்ளை வேர், நடுவில் தமிழில் 'அமைதியில் உறங்குக'. அந்த அதிகாரி வெகுநேரம் பார்த்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ பர்த்டே. டெத்" என்றார் அக்கா.

அதிகாரி தலைகுனிந்து, பெட்டியைத் தன் கையாலேயே மூடிக் கொடுத்தார்.

அரங்கத்துக்குள் கேக்கை விடவில்லை. வாசலில் இருந்த பையன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனோம். உள்ளே பல ஊர்க்காரர்கள், எல்லார் சட்டையிலும் படிக்க முடியாத அதே பெயர். விளக்கு அணைந்தது. வயலின்காரர்கள் வரிசையாக எழுந்தார்கள், பாடகர் குழு மூச்சை இழுத்தது, அடுத்த நொடி சுவரே எங்கள்மீது சாய்வதுபோல் சத்தம் வந்தது. கொயர் சார் கைக்குட்டையை எடுத்துவிட்டார். மணியம் அண்ணன் சாமி புறப்பாட்டைப் பார்க்கிறவர்போல் கைகூப்பி நின்றார். அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கேக்குக்குக் காசு தராதவனைப் பார்ப்பதுபோல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதியில் பாடகர் மைக்கில் பேசினார். ஒரு பாட்டு மட்டும் அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வாசிக்கப் போகிறோம், அலங்காரம் ஒன்றும் கிடையாது என்றார். வயலின்காரர்கள் உள்ளே போனார்கள். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு ஆரம்பித்தது. அதே தகர டின் சத்தம்.

அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தார். "வந்துட்டாங்க தம்பி, வந்துட்டாங்க." புரியாத அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் கூடவே கத்தினார். அத்தனை கூட்டத்திலும் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொழிற்சாலை பஸ்ஸில் கத்தாமல் விட்டதை அன்றைக்குக் கத்தித் தீர்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்தினார். என் காதுக்குள் வாயை வைத்து, "என்னமோ கொறையுது" என்றார்.

"என்னா அக்கா?"

"வயலின் எங்க?"

"இதுல வயலினே கெடையாது அக்கா. அதுக்குத்தானே நீங்க கருமாதியே பண்ணீங்க."

திருட்டுத்தனமாகச் சீனி தின்று மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் ஆகிவிட்டது அவர் முகம். மெல்லத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். "எல்லாம் உங்களாலதான். காடியில போட்டு போட்டு என் காதக் கெடுத்துட்டீங்க."

"பாட்ட அடைன்னு நீ ஒரு நாளும் சொல்லலையே" என்றார் மணியம் அண்ணன். அவர் கத்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வயலின்காரர்கள் மறுபடியும் மேடைக்கு வந்தபோது அக்கா கையைக் கட்டவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணனின் தோளில் வைத்துக்கொண்டார்.

முடிந்து வெளியே வந்தால், கேக்கைச் சுற்றி ஒரு கூட்டம். ஜொகூர், ஜாகர்த்தா, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள், முகமெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. தமிழ் படிக்கத் தெரியாததால் பிறந்தநாள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கேக் வெட்டும் கத்தியை யாரோ மணியம் அண்ணன் கையில் திணித்திருந்தார்கள். பேய் வேஷம் போட்ட அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்று, கைதட்டிப் பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். கொயர் சார் சும்மா இருக்கமாட்டாமல் இரண்டாம் குரல் சேர்த்தார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே வெட்டினார். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. கேக்கைத் தின்றுகொண்டே பழைய சத்தமா புதிய சத்தமா என்று அந்தப் பிள்ளைகள் மூன்று மொழியில் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். அக்கா ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழசு வந்துச்சேன்னு அழுதேன் தம்பி. அழுதுகிட்டு இருக்கும்போதே புதுச காணோமேன்னும் அழுகை வந்துருச்சு. இனி என்னை எந்தக் கட்சியில சேக்கறது?"

கொயர் சார், "அக்கா, பாட்டுக்கு இதைவிட மரியாதை வேற இல்லை" என்றார். அதற்கு அக்கா, "அதுக்காக நீங்க செயிச்சிட்டதா நெனைக்காதீங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலை மாறி பினாங்குக்கு வந்துவிட்டேன். இங்கே நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன், தொந்தரவு சொல்ல ஆளும் இல்லை. சென்ற வாரம் வேரின் புதிய ஆல்பம் வெளியானது. ஆசை ஆசையாகப் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே யாரோ புல்லாங்குழல் ஊதுகிறார்கள். நிறுத்திவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாச்சாங்கிலிருந்து அக்கா கூப்பிட்டுத் திட்டி முடிக்கும்வரை, எனக்கு எந்தப் பாட்டும் முழுதாகக் கேட்ட மாதிரி இருப்பதில்லை.